பிள்ளைகள் ஊருக்கு வரும் நான்கு நாட்கள்

கேள்வி:

அயோவா மாநிலத்தின் வடமேற்கில், சுமார் எட்டாயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூரை ஒட்டி, சரளைக்கல் சாலையோரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. என் கணவர் இந்த ஊர் மருத்துவமனையில் மருத்துவர். மூன்று ஆண்டுகள் மட்டும் என்று சொல்லி 1996இல் வந்தோம், இங்கேயே தங்கிவிட்டோம். இரண்டரை வயதில் வந்த மகனுக்கு இப்போது 32 வயது. மனைவியோடும் மூன்று வயது மகனோடும் சிகாகோவில் இருக்கிறான். மருமகள் நெப்ராஸ்காவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். மகள் இங்கேயே பிறந்தவள், 28 வயது, மினியாபொலிஸில் வேலை பார்க்கிறாள்.

சென்ற நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றியறிதல் நாள் விடுமுறைக்கு எல்லாரும் வந்தார்கள். பத்து நாள் முன்பிருந்தே சமைத்து வைத்தேன். வந்தவர்கள் காலை பத்து மணி வரை தூங்கினார்கள். வெள்ளிக்கிழமை முழுவதும் மகள் லேப்டாப்போடு அறைக்குள் இருந்தாள். மகன் இரண்டு இரவும் பழைய நண்பர்களைத் தேடிப் போய்விட்டான். பதினான்கு வயதில் மக்காச்சோளக் காட்டில் அவனோடு கூலி வேலை செய்த பையன்கள் அவர்கள். “என்ன கொண்டு வரட்டும்” என்று மருமகள் போனில் இரண்டு முறை கேட்டாள். ஒன்றும் வேண்டாம், வந்தால் போதும் என்றேன். வந்த பிறகு சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பேரனுக்கு நான் கொடுத்த கடலை உருண்டையை என் கண் முன்னாலேயே அவன் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டாள். வியாழக்கிழமை சாப்பிடும்போது, வரும் ஜூனில் ஓய்வு பெறப்போவதாகவும் வீட்டை விற்றுவிட்டு டாலஸ் பக்கம் போய்விடலாம் என்றிருப்பதாகவும் என் கணவர் சொன்னார். யாரும் வாய் திறக்கவில்லை. சிறிது நேரத்தில் மகள் எழுந்து எதிர்வீட்டு விவசாயக் குடும்பத்தைப் பார்க்கப் போனவள், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள். அன்று இரவு, “இங்க வந்தா விருந்தாளி மாதிரி இருக்கும்மா” என்றாள். ஞாயிறு கிளம்ப வேண்டியவர்கள், பனி வரப்போகிறது என்று சனிக்கிழமை காலையே போய்விட்டார்கள். கட்டி வைத்திருந்த பொடிகளும் ஊறுகாயும் மேசைமேல் அப்படியே கிடந்தன. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. இனிமேல் அவர்களை வரச் சொல்வதா, வேண்டாமா?

— ஒரு தாய், அயோவா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். கட்டாயம் வரச் சொல்லுங்கள். அடுத்த நவம்பர் வரை காத்திருக்கவும் வேண்டாம்; இந்தக் கோடையிலேயே, வீட்டைப் பற்றிய பேச்சு எந்த முடிவுக்கும் வருவதற்கு முன்பே, ஒருமுறை வரச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் மனக்குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன: தூக்கம், லேப்டாப், நண்பர்கள், மருமகள், பாதியில் முடிந்த விடுமுறை. அவற்றுக்கு நடுவே, பத்தோடு பதினொன்றாக, உங்கள் கணவர் சாப்பாட்டு மேசையில் சொன்ன செய்தியும் வந்துபோகிறது. அதைக் கேட்ட சிறிது நேரத்தில் மகள் எழுந்து போனாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவள் போனதற்கும் அந்தச் செய்திக்கும் தொடர்பு இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. நான் இந்தக் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, மற்ற எல்லாக் குறைகளையும்விட அந்தச் சாப்பாட்டு நேரம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

மத்திய மேற்கு மாநிலங்களின் சிற்றூர்களில் உங்களைப் போன்ற மருத்துவக் குடும்பங்கள் பல உண்டு. பயிற்சிக்காக ஜே-1 விசாவில் வரும் வெளிநாட்டு மருத்துவர், பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் தம் நாட்டில் இருந்துவிட்டுத்தான் மறுபடி வரலாம் என்பது விதி. மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொண்டால் அந்த விதியிலிருந்து விலக்குக் கிடைக்கும் வகையில், வட டகோட்டாவின் செனட்டராக இருந்த கென்ட் கான்ராட் முன்னின்று கொண்டுவந்த ஏற்பாடு 1994இல் சட்டமாயிற்று. நீங்கள் எழுதியிருக்கும் ‘மூன்று ஆண்டுகள் மட்டும்’ என்பது அந்தக் கணக்காகத்தான் இருக்க வேண்டும். அப்படி வந்து, பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் அங்கேயே கழித்தவர்களோடு நான் பேசும்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறேன். வீடு கட்டியிருப்பார்கள், ஊரில் பாதிப் பேருக்கு வைத்தியம் பார்த்திருப்பார்கள், ஆனால் மனத்தளவில் அந்த இடம் அவர்களுக்கு இன்னும் வேலை கொண்டுபோய் விட்ட இடமாகவே இருக்கும்.

உங்கள் பிள்ளைகளுக்கு அது அப்படியில்லை. அது அவர்களுடைய சொந்த ஊர். சரளைக்கல் சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும் பள்ளிப் பேருந்து, வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் எரியும் விளக்குகள், பனி கொட்டிப் பள்ளி விடுமுறை என்று காலை ஐந்தரை மணிக்கு வரும் செய்தி என்று அவர்களுடைய இளமை முழுக்க அந்த மண்ணில்தான் நடந்தது. நீங்கள் தமிழ்நாட்டுக்குப் போகும்போது உங்கள் தாய்வீட்டிலேயே அடைந்து கிடப்பீர்களா? கூடப் படித்தவர்களைப் பார்ப்பீர்கள், பக்கத்து வீட்டு அத்தையிடம் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள், பள்ளிக்கூட வாசலில் சாப்பிட்ட கடை இன்னும் இருக்கிறதா என்று தேடுவீர்கள். உங்கள் அம்மாவுக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கலாம். ஆனால் மகள் ஊருக்கு வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். உங்கள் மகனும் மகளும் சென்ற நவம்பரில் செய்ததும் அதுதான்.

மகனுடைய நண்பர்களைப் பற்றி எழுதும்போது ‘கூலி வேலை’ என்று சற்றுத் தாழ்வாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த வேலையை ஒரு கணம் அருகிலிருந்து பார்க்க வேண்டுகிறேன். விதைக்காக வளர்க்கும் மக்காச்சோளக் காட்டில், பெண் வரிசையாக வைத்திருக்கும் செடிகளின் உச்சியில் வரும் ஆண் பூங்கதிரை ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் பக்கத்து ஆண் வரிசையின் மகரந்தம் சேர்ந்து வீரிய விதை பிடிக்கும். இயந்திரம் முதலில் போனாலும் விட்டதைப் பிடிக்க ஆள் வேண்டும். ஜூலை மாதத்தில், விடியற்காலையில், பனியில் நனைந்த சோளத் தோகைகள் கையையும் கழுத்தையும் கீறக் கீற நடந்து, பத்து மணிக்குமேல் காட்டுக்குள் காற்றே இல்லாத புழுக்கத்தில் அதே வரிசைகளில் திரும்பி வரும் வேலை அது. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அயோவாவில் பல தலைமுறைகளாக அதுதான் முதல் சம்பளம். அந்த வரிசைகளில் சேர்ந்து நடந்தவர்களை உங்கள் மகன் பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் தேடிப் போகிறான் என்றால், அது நீங்கள் பெருமைப்பட வேண்டிய குணம். அடுத்த முறை அவன் வெளியே போகும் இரவை எண்ணி மனம் கசப்பதற்குப் பதிலாக, அந்த நண்பர்களைக் குடும்பத்தோடு உங்கள் வீட்டுக்கே ஒரு வேளை சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். உங்கள் பிரியாணியைப் பள்ளி நாட்களிலேயே சாப்பிட்டவர்கள் அவர்களில் இருக்கக்கூடும்.

இப்போது வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். வீடு உங்களுடையது, ஓய்வு பெறுவதும், விற்பதும், எங்கே போய்க் குடியிருப்பது என்பதும் நீங்களும் உங்கள் கணவரும் முடிவு செய்ய வேண்டியவை. பிள்ளைகளிடம் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. ஆனால் எதிர்வீட்டு விவசாயியின் பிள்ளைகளுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி, சித்தப்பா, அத்தை மக்கள் எல்லாரும் அதே கௌண்டியில், அதாவது மாவட்டத்தில், இருப்பார்கள். பெற்றோர் இடம் மாறினாலும் ஊருக்கு வர அவர்களுக்கு நூறு காரணம் இருக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஊரோடு இருக்கும் ஒரே கயிறு நீங்கள் இருக்கும் அந்த வீடுதான். அது போய்விட்டால், அடுத்த நவம்பரில் அந்த ஊருக்கு வந்து இறங்க ஒரு வாசல் கிடையாது. அந்தச் செய்தியை, வான்கோழியும் பிரியாணியும் பரிமாறிக்கொண்டிருக்கும் மேசையில், மூன்று வயதுக் குழந்தை கத்திக்கொண்டிருக்கும்போது, முடிவான விஷயமாகக் கேட்டால் யாரால் என்ன பேச முடியும்? அந்த மௌனம் அக்கறையின்மை அன்று. உங்கள் மகள் சாலையைக் கடந்து போய் உட்கார்ந்தது, அவள் பிறந்ததிலிருந்து அறிந்த இன்னொரு வாசலில்.

டாலஸை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே உறவினர் இருக்கலாம், தமிழ் நண்பர்கள் இருக்கலாம், பனி இல்லாத ஊர் வேண்டும் என்பதே போதுமான காரணமாகவும் இருக்கலாம். ஆனால் சிகாகோவிலிருந்தும் மினியாபொலிஸிலிருந்தும் காரிலேயே வந்துவிடும் பிள்ளைகளுக்கு, அது பெற்றோர் தங்களை விட்டு விலகிப் போகும் முடிவாகத் தோன்றியிருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே உங்கள் கணவரை இரண்டு பிள்ளைகளிடமும் தனித்தனியாகப் போனில் பேசச் சொல்லுங்கள். ஏன் போக நினைக்கிறார், என்ன கவலை, எப்போது என்பதையெல்லாம் சொல்லட்டும். “உனக்கு என்ன தோணுது” என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கட்டும். நாள் முழுவதும் நோயாளிகளின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டவருக்கு இது தெரியாத கலை அன்று. வீட்டில் அவரவர் அறையில் கிடக்கும் பள்ளிக்கூடப் பெட்டிகளையும், கௌண்டிக் கண்காட்சியில் பரிசாக வாங்கிய ரிப்பன்கள் இருந்தால் அவற்றையும், நீங்களாக ஒதுக்கிக் கட்டி வைக்காதீர்கள். அவர்கள் வந்து பிரிக்கட்டும்.

“விருந்தாளி மாதிரி இருக்கும்மா” என்று மகள் சொன்னதை நீங்கள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது வேண்டுகோளாகத்தான் கேட்கிறது. பத்து நாள் முன்பே தொடங்கிய சமையல் அவர்கள் வாசலில் கார் வந்து நிற்கும்போது முழுதாக முடிந்திருந்தது; கிண்ட ஒரு கரண்டிகூட மிச்சமில்லை. உட்கார், சாப்பிடு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்பதைத் தவிர அவளுக்கு அந்த வீட்டில் வேறு வேலை இருக்கவில்லை. எதிர்வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அந்தப் பகுதி விவசாயக் குடும்பங்களில் வளர்ந்த பிள்ளை வீட்டுக்கு வந்தால், கோட்டைக் கழற்றும் முன்பே ஏதாவது ஒரு வேலை சொல்வார்கள்: அந்தப் பாத்திரங்களைத் துடை, மாட்டுக் கொட்டகை விளக்கைப் பார்த்துவிட்டு வா, அப்பாவோடு ஏணியைப் பிடி. வேலை சொல்வதுதான் அங்கே ‘நீ இந்த வீட்டுப் பிள்ளை’ என்று சொல்லும் முறை. நம் கிராமத்து வீடுகளிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

எனவே பத்து நாள் சமையலை இரண்டு நாளாகக் குறையுங்கள். மாவு அரைப்பதை அவர்கள் வந்த அன்று மாலைக்கு வையுங்கள். நவம்பர் குளிரில் அயோவாச் சமையலறையில் மாவு தானாகப் பொங்காது என்பதும், ஓவனைச் சூடாக்காமல் அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு இரவு முழுவதும் மாவை உள்ளே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மினியாபொலிஸ் அடுக்குமாடி வீட்டில் உங்கள் மகளுக்கும் அதே சிக்கல்தான். உளுந்து எவ்வளவு, அரிசி எவ்வளவு, எந்தப் பதத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அவள் கையாலேயே செய்து கற்றுக்கொள்ளட்டும். ஒரு வேளைச் சமையலை முழுதாக அவளிடம் விட்டுவிடுங்கள். உப்புக் கூடினாலும் நீங்கள் எழுந்து போகாதீர்கள். மகனிடம் உப்பு மூட்டை வேலையைக் கொடுங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தும் வீடாக இருந்தால், தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் கருவிக்கு 40 பவுண்டு உப்பு மூட்டைகள் வாங்கி அடித்தளத்துக்கு இறக்க வேண்டியிருக்கும்; ஓய்வு பெறும் வயதில் உங்கள் கணவர் அவற்றைத் தூக்கிக்கொண்டு படி இறங்க வேண்டாம். கூரையோரத் தண்ணீர்க் கால்வாயில் அடைத்திருக்கும் இலைகளை அள்ளுவதும் அப்படியே. மகன் இதையெல்லாம் செய்துவிட்டு வந்து சாப்பிட உட்காரும்போது அவன் பேச்சே வேறுவிதமாக இருக்கும்.

மருமகள் விஷயத்தில் உங்களிடம் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் சமையலறையை எட்டிப் பார்க்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அதற்கு முந்தைய வரியிலேயே, அவள் இரண்டு முறை கேட்டும் ஒன்றும் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அன்பால் சொன்னீர்கள். வருகிறவர்களைச் சிரமப்படுத்தக் கூடாது என்பது நம் வழக்கம். ஆனால் நெப்ராஸ்காவிலும் அயோவாவிலும் குடும்பம் கூடிச் சாப்பிடுவதென்றால், வீட்டுக்காரர் பெரிய உணவைச் செய்வார். மற்ற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தோடு வருவார்கள். ஒருத்தி பீன்ஸ் கேசரோல், இன்னொருத்தி பூசணிக்காய் வைத்துச் சுட்ட ‘பை’ என்னும் இனிப்பு, மூன்றாமவள் ரொட்டி. யார் எதைக் கொண்டுவருவார் என்பதில்தான் அந்தக் குடும்பத்தில் அவரவருக்கு உள்ள இடம் தெரியும். இரண்டு முறை கேட்டும் ‘வேண்டாம்’ என்ற பதிலே கிடைத்தவள், தனக்கு அங்கே இடமில்லை என்று எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றிருந்தால் அது அவளுடைய தவறு ஆகாது. அடுத்த முறை அவள் கேட்பதற்கு முன்பே நீங்கள் கேளுங்கள்: “உங்கள் அம்மா வீட்டில் செய்கிற பூசணிக்காய்ப் பையை நீ செய்து கொண்டு வருகிறாயா?” கொண்டு வந்ததை நடு மேசையில் வையுங்கள். அவளுடைய பெற்றோருக்கும் அந்த வியாழக்கிழமைமேல் ஆசை இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தேங்க்ஸ்கிவிங்கை நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழன் என்று அமெரிக்கக் காங்கிரஸ் 1941இல் சட்டமாக்கியது. நீங்கள் கூடிச் சாப்பிடும் நாளை யாரும் சட்டமாக்கவில்லை. ஓராண்டு வியாழனை நெப்ராஸ்காவுக்கு விட்டுக்கொடுத்து, அவர்கள் அங்கிருந்து வந்து சேரும் சனிக்கிழமையை நீங்கள் எடுத்துக்கொண்டால் ஒரு குறையும் வராது.

கடலை உருண்டையைப் பற்றி: நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை, மற்ற பருப்புக் கொட்டைகள், கெட்டி மிட்டாய், பாப்கார்ன் போன்றவற்றைக் கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பெற்றோருக்குச் சொல்லிவருகிறது. முழுக் கடலையும் கெட்டிப் பாகும் சேர்ந்தது கடலை உருண்டை. மருமகள் அதை வாங்கி வைத்ததில் உங்களை அவமதிக்கும் எண்ணம் எதுவும் இல்லை. உங்கள் கணவரையே கேட்டுப் பாருங்கள். பேரனுக்கு நெய் தடவிய இட்லியோ ரவா கேசரியோ கொடுங்கள், ஆனால் மேசையில் வைத்துக் கொடுங்கள். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெரியவர்கள் பொறுப்பு, எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் பொறுப்பு என்ற முறையில்தான் அங்கே பல இளம் பெற்றோர் பிள்ளை வளர்க்கிறார்கள். கிண்ணத்தோடு பின்னாலேயே போய் ஊட்டும் நம் பழக்கம் அவர்களுக்குப் பதற்றத்தைத் தருகிறது.

தூக்கத்தையும் லேப்டாப்பையும் விட்டுவிடுங்கள். தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாளான வெள்ளிக்கிழமை கூட்டரசு விடுமுறை நாள் அன்று. பல நிறுவனங்கள் விட்டாலும் எல்லாரும் விடுவதில்லை. மகள் விடுப்பு எடுக்காமல் உங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள் என்றால், உங்களோடு ஒரு நாள் கூடுதலாக இருக்கத்தான் அப்படிச் செய்திருப்பாள். மதியம் ஒரு டம்ளர் காபியை அறைக் கதவருகே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பெருநகரத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே ஊரில் இருந்தால், ஞாயிறு மதியம் வந்து இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் ஊருக்கு வர மகனுக்கு ஏழு மணி நேரமாவது ஆகும். மகளுக்கு நான்கு மணி நேரம். அதனால் ஆண்டு முழுவதற்குமான பாசம் நான்கு நாட்களில், ஒரே கூரையின் கீழ், மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் மாதத்தில் அடைபட்டுவிடுகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் யாரும் யாரோடும் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே உள்ள வீடாகையால் கழிவுநீர் உங்கள் நிலத்திலேயே உள்ள செப்டிக் தொட்டிக்குத்தான் போகும் என்று நினைக்கிறேன். ஆறு பேர் குளித்து, அதே நாளில் நீங்கள் போர்வைகளையும் துவைத்தால் வெந்நீரும் தீரும், தொட்டியும் திணறும். குளிக்கும் நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள், எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விருந்தாளியிடம் இதையெல்லாம் சொல்லமாட்டோம். வீட்டுப் பிள்ளையிடம் சொல்வோம்.

சனிக்கிழமை காலையே கிளம்பியது சரியான முடிவு. வடமேற்கு அயோவாவில், அறுவடை முடிந்த வெற்று நிலத்தில் காற்றைத் தடுக்க ஒரு மரம்கூட இருக்காது. இரண்டு மூன்று அங்குலப் பனியே பெய்திருந்தாலும் பலத்த காற்று அதைக் கிளப்பிச் சாலையைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். 2018இல் 20ஆம் எண் நெடுஞ்சாலை மாநிலத்தின் குறுக்கே முழுதும் நான்கு வழிச் சாலையான பிறகும் அந்தக் காற்று மாறவில்லை. மூன்று வயதுக் குழந்தையைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு அதில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று நினைத்த தகப்பனை நீங்கள்தான் வளர்த்தீர்கள். இனிமேல் அவர்கள் வந்து இறங்கும் இரவிலேயே, திரும்பிப் போகும் நாளை வானிலையும் சாலை நிலவரம் சொல்லும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் 511 சேவையும் முடிவு செய்யும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பெரிய விருந்தையும் கடைசி நாளுக்குத் தள்ளாமல் முதல் நாளே வைத்துவிடுங்கள். கிளம்பும்போது கண்ணீரோடு நிற்பதைவிட, அந்த ஊர்க்காரர்கள் வாசலில் நின்று சொல்வதுபோல, “மான் குறுக்கே வரும், பார்த்துப் போ” என்று சொல்லுங்கள். நவம்பர் மான்கள் இணை தேடும் காலம். சாலையில் அவை மோதுவது அப்போதுதான் அதிகம். அந்த எச்சரிக்கையில் எவ்வளவு பாசம் இருக்கிறது என்று அங்கே வளர்ந்த உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். மேசையில் மிஞ்சிய பொடிகள் அவசரத்தில் விட்டுப்போனவை; தபால் நிலையத்தில் எடை பாராமல் ஒரே கட்டணத்துக்கு அனுப்பும் பெட்டிகள் கிடைக்கின்றன, அவற்றில் போட்டு அனுப்பிவிடுங்கள். ஊறுகாயை மட்டும் நேரில் கொடுங்கள்.

உங்கள் தூக்கத்தைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒரே வரியாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வாரங்களாகத் தூக்கமில்லை என்றால், கணவரிடம் சொல்வதோடு நிறுத்தாமல், வேறொரு மருத்துவரைப் பாருங்கள். அயோவாவில் உரிமம் பெற்ற ஆலோசகர்கள் பலர் காணொளி வழியாகவே பேசுகிறார்கள். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறை நடத்தும் ‘அயோவா கன்சர்ன்’ தொலைபேசிச் சேவை இரவும் பகலும் இயங்குகிறது. கட்டணம் இல்லை, பேசுவது வெளியே போகாது. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால், 2022 முதல் நாடு முழுவதும் இயங்கும் 988 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

இந்த வாரமே மகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். சாப்பிட்டாயா, கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று என்ற கேள்விகளை இந்த ஒரு அழைப்புக்கு ஒதுக்கி வையுங்கள். “வீட்டை விக்கறதைப் பத்தி அப்பா சொன்னப்போ நீ எழுந்து போயிட்டே. உனக்கு என்ன கஷ்டம்னு நான் கேக்கவே இல்லை. இப்ப சொல்லு” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவள் அழுதால் அழட்டும். டாலஸில் குளிர் இல்லை, கோயில் இருக்கிறது என்று சமாதானம் சொல்ல வேண்டாம். பிறகு ஜூலை இறுதியில் ஒரு வாரம் வரச் சொல்லி இருவரிடமும் நாள் கேளுங்கள். அப்போது இனிப்புச் சோளம் வந்துவிடும். சாலையோரத்தில் பிக்கப் வண்டிகளின் பின்புறத்தில் குவித்து, டஜன் கணக்கில் விற்பார்கள். எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும், பேரன் புல்தரையில் ஓடலாம், பனியைப் பற்றிய பேச்சே இருக்காது. கணவர் ஜூனில் ஓய்வு பெற்றாலும், அந்த ஒரு வாரம் முடிந்து, நீங்கள் எல்லாரும் அந்த வீட்டில் உட்கார்ந்து பேசி முடிக்கும்வரை, எந்த வீட்டு விற்பனை முகவரிடமும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
குடும்ப நல ஆலோசகர்